சீற்றை எவ்வளவு சாய்க்கலாம்?

கரைத்தீவிலிருந்து கொழும்புக்கு வாகனம் ஓட்டுகிறவர் வனாத்தவில்லு வழியாகப் புத்தளம் வந்து, அங்கிருந்து ஏ3 வீதியில் சிலாபம், நீர்கொழும்பு என்று மேலும் 130 கிலோமீற்றரளவு ஓட வேண்டும். அன்றைக்கே திரும்பினால் பகல் முழுவதும் சீற்றில்தான். இரவு நாரியைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது வீதியைக் குறை சொல்வோம், வயதைக் குறை சொல்வோம். சீற்றின் ஓரத்திலிருக்கும் லீவர் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

முள்ளெலும்புகளுக்கு இடையே மென்மையான தட்டுகள் இருக்கின்றன. 1960களில் சுவீடன் மருத்துவர் அல்ஃப் நாக்கெம்சன் அவற்றுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானமின்றி உட்கார்ந்திருக்கும்போது, நிற்பதைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல் அழுத்தம் இருந்தது. 1999இல் ஜேர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரிடம் அளந்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆனால் முதுகைச் சாய்த்துப் பாரத்தைச் சாய்மானத்தில் இறக்கினால் அழுத்தம் குறைகிறது என்பதற்கு அவர்களின் அளவீடும் சான்று. குன்னர் அன்டர்சன் 1974இல் கார்ச் சாரதியின் சீற்றிலேயே இதை ஆராய்ந்தார். சாய்வோடு நாரிக்கு ஒரு தாங்கலும் இருந்தால் தட்டின் பாரம் இன்னும் குறைந்தது. கிளட்ச்சை மிதிக்கும்போது பாரம் ஏறியது. ஆகவே விறைப்பாக நிமிர்ந்து ஓட்டுவது முதுகுக்கு நல்லது என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடலாம்.

அதற்காகப் படுத்த வாக்கில் ஓட்டுவது, இளைஞர்கள் பலர் விரும்பும் அந்த இருப்பு, மிக மோசமானது. வீதியைப் பார்க்கக் கழுத்து முன்னுக்கு வளைகிறது. ஸ்டியரிங்கை எட்டத் தோள் சீற்றை விட்டு எழும்புகிறது. விபத்து நேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது. சீற் பெல்ட் நெஞ்சை விட்டு விலகி நிற்கும். உடல் முன்னுக்கு வழுக்க, இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டிய பட்டி வயிற்றுக்குள் ஏறி குடலையும் ஈரலையும் நசுக்கும்.

இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. தயாரிப்பாளர் வேறு கோணம் குறிப்பிடாவிட்டால், ஐக்கிய நாடுகளின் வாகன விதிகள் சீற்றைப் பரிசோதிக்க எடுக்கும் சாய்வு செங்குத்திலிருந்து 25 பாகை. காரில் அதையே எல்லையாக வைத்து, தேவையானால் நிமிர்த்திக்கொள்ளலாம். வானிலும் லொறியிலும் இருப்பு உயரமானது. அங்கே சாய்வு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கோணமானி தேவையில்லை. இடுப்பைச் சீற்றின் உள்மூலை வரை தள்ளி உட்காருங்கள். பிரேக்கை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடிந்திருக்கும்படி சீற்றை நகர்த்துங்கள். பிறகுதான் சாய்வு: தோள் சாய்மானத்தை விடாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் 25 சென்ரிமீற்றராவது இடைவெளி இருக்கட்டும். நாரிக்குப் பின்னால் வெற்றிடம் தெரிந்தால் ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கள்.

எவ்வளவு நல்ல கோணமானாலும் மணிக்கணக்கில் அசையாதிருந்தால் முதுகு நோகும். இடைத்தட்டின் உட்பகுதிக்கு இரத்தக்குழாய் இல்லை. உடல் அசையும்போது அழுத்தம் ஏறி இறங்குவது அதற்கு ஊட்டம் போய்ச் சேர உதவுகிறது. சிலாபத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் நடவுங்கள். முன் சீற்றைச் சரித்துப்போட்டு உறங்குகிறவருக்கும் பெல்ட் ஆபத்து அதேதான். வாகனம் ஓடும்போது அவரையும் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள்.