அப்பாவின் யெஸ்டியும் என் எமர்ஜென்சி ஃபண்டும்

போன டேர்ம் இன்சூரன்ஸ் வீடியோவில் எனக்குப் பின்னாடி ஒரு கறுப்பு பைக் நின்னுது. இன்சூரன்ஸ் பற்றி வந்த கேள்விகளைவிட அந்த பைக்கைப் பற்றி வந்த கேள்விகள்தான் அதிகம். "எவ்வளவு ஆச்சு சார்? நானும் எங்க தாத்தா வண்டியை ரெடி பண்ணலாம்னு இருக்கேன்." சரி, இன்னைக்கு அதோட முழுக் கணக்கு. ஒரு ஆடிட்டரா எனக்கு வெட்கமான பகுதியும் இதுல இருக்கு, மறைக்காம சொல்றேன்.

வண்டி யெஸ்டி ரோட்கிங், 1989 மாடல். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961இல் உற்பத்தியைத் தொடங்கி 1996இல் நிறுத்தியது. 250 சிசி, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சைலன்சர். கிக்கரும் கியர் லிவரும் ஒண்ணேதான், இன்னைக்குப் பசங்களுக்கு இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க. 2022இல் யெஸ்டி என்ற பெயர் திரும்ப வந்தது உண்மைதான். ஆனா அது முழுசா வேற எஞ்சின், அதோட பார்ட்ஸ் பழைய வண்டிக்குப் பொருந்தாது. அப்பா இதுலதான் திருப்பனந்தாளுக்கும் கும்பகோணத்துக்கும் வருஷக்கணக்கா போய் வந்தார். 2008க்கு அப்புறம் மாட்டுக்கொட்டகை ஓரத்துல சாக்கு மூடி நின்னுது.

2021 ஜனவரியில் ஆரம்பிச்சேன். மெக்கானிக் சொன்ன எஸ்டிமேட் 25,000. யூடியூப்ல பத்து நிமிஷத்துல துருப்பிடிச்ச வண்டி பளபளன்னு மாறுமே, அந்த வேகம் எனக்கும் வந்தது. ரெண்டே ஞாயிற்றுக்கிழமையில கடைசி போல்ட் வரைக்கும் கழட்டிட்டேன். அடுத்து டேங்க், மட்கார்டு, சைடு பாக்ஸ் எல்லாத்தையும் பெயின்ட்டுக்கு அனுப்பினேன், ஏன்னா போட்டோ எடுத்தா அதுதான் அழகா இருக்கும். எஞ்சினைத் திறந்தது அதுக்கு அப்புறம்தான். கிராங்க் பேரிங் போயிருக்கு, சிலிண்டருக்கு போரிங் பண்ணணும், பிஸ்டன் புதுசு வேணும். எஸ்டிமேட் அன்னைக்கே செத்துப்போச்சு.

"பாதி வந்தாச்சு, விட முடியுமா?" இதைச் சொல்லிக்கிட்டே எமர்ஜென்சி ஃபண்டில் கை வைச்சேன். உங்களுக்கெல்லாம் "ஆறு மாசச் செலவைத் தொடாதீங்க"ன்னு பாடம் எடுக்கிற அதே ஆள்தான்.

மூணு வாரம்கூட ஆகல, அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் கட்ட ஃபண்டில் இருந்த மீதி போதல. 40,000 ரூபாய் கிரெடிட் கார்டில் போச்சு. மாசம் 3.5% வட்டி. வருஷத்துக்கு 42%ன்னு தோணும், கட்டாம விட்டா கூட்டு வட்டியில் அது 51% ஆகும். ஐந்து மாசத்துல அடைச்சேன். வட்டியும் அதுக்கு ஜிஎஸ்டியும் சேர்ந்து கிட்டத்தட்ட 5,000 ரூபாய். இது ஆஸ்பத்திரிச் செலவு இல்ல. வண்டிச் செலவு. என் கணக்கில் அப்படித்தான் எழுதியிருக்கேன்.

அப்பா தேறி வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே ஒரு வரி சொன்னாங்க. "அரிசிக் காசுல குங்கிலியம் வாங்கின கதைதான்டா இது." எங்க ஊர்க்காரங்களுக்கு இது உடனே புரியும். குங்கிலியக் கலய நாயனார் வீட்டில் பட்டினி. மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கிட்டு வரச் சொன்னா, அவர் வழியில் குங்கிலியம் வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்துட்டார். அதே நாயனார்தான் எங்க அருணஜடேசுவரர் கோயிலில் சாய்ந்த லிங்கத்தைக் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினவர். அவர் வீட்டில் அப்புறம் நெல் குவிஞ்சதுன்னு புராணம் சொல்லுது. என் வீட்டுக்கு வந்தது கார்டு பில்.

அதுக்கப்புறம் 14 மாசம் வண்டியைத் தொடல. ஊருக்குப் போனா கொட்டகைப் பக்கமே திரும்ப மாட்டேன். சோம்பேறித்தனம்னு நினைச்சேன், அது இல்ல. எல்லா பார்ட்டும் கழண்டு கிடக்கும்போது என்ன வேலை செஞ்சாலும் கண்ணுக்கு எதுவும் மாறாது. ஒரு முழு ஞாயிறு கார்புரேட்டரைக் கழுவினாலும் சாயங்காலம் முன்னாடி இருக்கிறது அதே இரும்புக் குவியல். கூடவே பணம் தப்பாப் போன குற்ற உணர்ச்சி. இது ரெண்டும் சேர்ந்தா யாருக்கும் கை வராது.

2022 செப்டம்பரில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதுவரை செலவு 47,400. முடிக்க இன்னும் சுமார் 36,000 வேணும். இங்கதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. 47,400ஐப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, அது போன பணம். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஓடுற நிலையில் அப்பாவோட யெஸ்டியை ஒருத்தர் இன்னைக்கு 36,000க்குத் தர்றார்னா வாங்குவேனா? வாங்குவேன். அதனால தொடர்ந்தேன். என் நண்பர் ஒருத்தர் ஒரு லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை வைச்சு இதே கேள்வியைக் கேட்டார், பதில் "இல்ல". அப்படியே பார்ட்ஸோட வித்துட்டார். அவர் முடிவும் சரிதான்.

அடுத்து மாசம் 4,000 ஒரு தனி கவரில். சம்பளம், எஸ்ஐபி, ஃபண்டுக்குத் திரும்பக் கட்டுறது எல்லாம் போன பிறகு. கவர் காலியானா அந்த மாசம் வேலை நிறுத்தம். இது செலவைக் கட்டுப்படுத்தும்னு நினைச்சுதான் ஆரம்பிச்சேன், ஆனா எனக்கு உற்சாகம் கொடுத்ததும் இந்தக் கவர்தான். பணம் கம்மின்னா ஒரு மாசத்துக்கு ஒரு சின்ன வேலைதான் எடுக்க முடியும், சின்ன வேலைன்னா அது முடியும்.

வேலையோட வரிசையையும் மாத்தினேன். பெயின்ட் அடிச்ச பாகங்களைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு எஞ்சினை மட்டும் சேஸிஸில் ஏத்தினோம். டேங்குக்குப் பதில் ஒரு பாட்டிலில் ஆயில் கலந்த பெட்ரோல் தொங்கவிட்டு உதைச்சோம். பதினோராவது உதையில் பிடிச்சது. டூ ஸ்ட்ரோக் புகை கொட்டகை முழுக்க. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்துட்டார். அந்தச் சத்தத்துக்கு அப்புறம் நான் ஒரு ஞாயிறுகூடத் தவறவிடல. முதல்லயே இதைச் செஞ்சிருந்தா 14 மாசம் மிச்சம்.

பேப்பர் விஷயம். முதல் ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி ஆர்சி இருக்கா, சேஸிஸ் நம்பர் அதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. இல்லாத வண்டியை எவ்வளவு அழகா செஞ்சாலும் ரோட்டில் ஏத்த முடியாது. 15 வருஷம் தாண்டினா பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். நான் செஞ்சப்போ டூ வீலருக்குக் கட்டணம் 1,000. 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2,000. பசுமை வரி தனி, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். உரிமையாளர் காலமாகியிருந்தா பெயர் மாற்றத்துக்கு 31ஆம் நம்பர் படிவம். "விண்டேஜ் பதிவு பண்ணிடலாமே"ன்னு சிலர் கேட்டீங்க. அதுக்கு வண்டிக்கு 50 வயசு ஆகியிருக்கணும், கட்டணம் 20,000, தினசரி ஓட்டவும் அனுமதி இல்ல. நமக்கு வேண்டாம்.

மொத்தம் 83,400. எஞ்சின் மட்டும் 31,200. பெயின்ட், குரோம் 18,500. டயர், செயின், கேபிள் 11,300. வயரிங் 7,900. ஆர்சி, இன்சூரன்ஸ் 6,100. மினி டெம்போ வாடகை 4,600. தப்பா வாங்கித் திரும்ப வாங்கினது 3,800. கார்டு வட்டியைச் சேர்த்தா 88,400. ஒருத்தர் 70,000க்குக் கேட்டார். வித்திருந்தா நஷ்டம், அந்த நஷ்டத்தை வருமான வரியில் காட்டவும் முடியாது. சொந்த உபயோக வண்டி மூலதனச் சொத்துக் கணக்கில் வராது, லாபம் வந்தாலும் அதே விதிதான். அதனால யாராவது "பழைய வண்டி ஒரு இன்வெஸ்ட்மென்ட்"னு சொன்னா நம்பாதீங்க. இது சினிமா டிக்கெட் மாதிரி செலவு, கொஞ்சம் பெரிய டிக்கெட்.

2023 ஜூனில் ஒன்பதாவது கவரோட வேலை முடிஞ்சது. ஜூலை ரெண்டாவது ஞாயிறு, ஜாவா யெஸ்டிக்காரங்க கொண்டாடுற நாள். அன்னைக்கு அப்பாவைப் பின்னாடி உட்கார வைச்சு அணைக்கரை வரைக்கும் போனேன். கொள்ளிடத்துல தண்ணி பார்த்துட்டு, டீ குடிச்சோம். "செயின் லூசா இருக்கு பாரு"ன்னார்.

ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் இன்னும் அசையல. ஒரிஜினலுக்கு ஒருத்தர் 6,500 சொல்றார். இந்த மாசம்தான் திரும்ப கவர் போட ஆரம்பிச்சிருக்கேன், இப்போ அதுல 4,000 இருக்கு.