அழைப்பில்லாதார்க்கு ஓர் இருக்கை

ஆடை எல்லார்க்கும் உரியது, ஆடையரங்கு அவ்வாறன்று. பாரிஸ், மிலான், இலண்டன், நியூயோர்க் ஆகிய நகரங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆடை அணிவகுப்புகளிலேதான், வரும் பருவத்தில் உலகம் எதை உடுக்கப்போகிறது என்பது பெரும்பாலும் முடிவாகிறது. அம்முடிவை நேரில் இருந்து காண்போரோ மிகச் சிலர். பெருவணிகர், பத்திரிகை ஆசிரியர், திரைப்பட நடிகையர், செல்வர் ஆகியோர்க்கே அழைப்பு வரும். வந்தவர்களுள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. முதல் வரிசையில் இடம் பெறுவது அங்கே பட்டம் பெறுவதற்கு ஒப்பானது.

இதற்கும் சண்டிலிப்பாய்க்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். எங்கள் ஊரிலே வீட்டு விறாந்தையில் தையற்பொறி வைத்து அயலவர்க்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் பெண்கள் உளர். புதிய கழுத்து வெட்டையும் புதிய கை அமைப்பையும் அவர்கள் அறிவது எங்ஙனம்? சீரணி நாகபூசணி அம்மன் கோயில் வீதியில் திருவிழாக் காலத்தில் சிறிது நேரம் நின்றாற் போதும். கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் வந்த உடைகள் யாவும் கண்முன்னே நடந்து செல்லும். அவ்வீதியில் அழைப்பிதழ் கேட்பார் எவருமிலர். கண்டதை மனத்தில் இருத்தி மறுநாள் காகிதத்தில் வெட்டிப் பார்க்கும் திறன் அப்பெண்களுக்கு உண்டு.

சித்திரம் பயிலும் மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம், "எங்களைப் போன்றவர்கள் அந்தப் பெரிய அரங்குகளுக்குள்ளே போக வழி இருக்கிறதா?" என்று கேட்டாள். அக்கேள்வியை வெறும் ஆசையென்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. அதற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

வாசல் மூடப்பட்ட காரணத்தை அறிந்தாலன்றி அது திறக்கும் வழியை அறிதல் அரிது. பாரிஸ் நகரின் உயர்தர ஆடைத் தொழிலுக்கு அடிகோலியவர் சார்ள்ஸ் பிரெடெரிக் வேர்த். அவர் பிரெஞ்சுக்காரர் அல்லர்; இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர். 1858ஆம் ஆண்டில் அங்கே ஆடையகம் நிறுவி, தம் ஆடைகளை உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டும் வழக்கத்தை நிலைபெறச் செய்தார். பிற்காலத்தில் அன்னியரை வெளியே நிறுத்திய அரங்கின் முன்னோடி தாமே ஓர் அன்னியர்!

கதவை இறுகச் சாத்தியது களவு பற்றிய அச்சமே. ஆடையின் வடிவைக் கண்டவர் அதனைப் படியெடுத்து மலிவாக விற்றுவிடலாம். எலிசபெத் ஹோஸ் என்ற அமெரிக்கப் பெண் 1920களில் பாரிஸில் இத்தொழிலைச் செய்தவர். வாங்க வந்தவர் போல அமர்ந்து, ஆடைகளை மனத்திற் பதித்து, வெளியே வந்து வரைந்து கொடுப்பார். 1938இல் வெளியிட்ட தம் நூலில் அதனை மறைவின்றி எழுதினார். இத்தகையோரைத் தடுக்கவே அரங்கினுள் வரைதல் விலக்கப்பட்டது. வெளிநாட்டு வணிகர் முன்பணம் கட்டியே உள்ளே வரவேண்டியதாயிற்று.

அந்தக் காரணம் இன்று பெரிதும் மறைந்துவிட்டது. 2009 ஒக்டோபரில் அலெக்சாண்டர் மக்குயீன் தம் அணிவகுப்பை இணையத்தின் வழியே நேரடியாக ஒளிபரப்பினார். பார்வையாளர் பெருக்கால் அத்தளமே முடங்கிற்று. இன்று பெரிய ஆடையகங்களின் காட்சிகள் பலவற்றைச் சண்டிலிப்பாயில் இருந்தபடியே கைப்பேசியிற் காணலாம். காட்சி பொதுவாகிவிட்டது, இருக்கை பொதுவாகவில்லை. அச்சம் போன பின்னும் கதவு சாத்தியே இருப்பதற்குக் காரணம் பெருமையொன்றே.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் திருப்புன்கூரிலே வாயிலுக்கு வெளியே நின்று தரிசிக்கும்பொருட்டு நந்தி விலகிய வரலாற்றை அறியாதவர் நம்முள் இல்லை. நந்தி விலகியது, அடியவர் வெளியிலேயே நின்றார். ஆலயத்தையும் ஆடையரங்கையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்க நான் முற்படவில்லை. ஆயினும் காண்பது வேறு, உள்ளே செல்வது வேறு என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டும் கதை நமக்கு இல்லை.

அவ்வாறாயின், உள்ளே சென்றவர்கள் எவ்வாறு சென்றனர்? பணம் கொடுத்துச் செல்லும் வழி ஒன்று. இலண்டன் ஆடை வாரம் 2019 செப்டெம்பரில் முதன்முறையாகப் பொதுமக்களுக்கும் நுழைவுச்சீட்டு விற்றது. நற்பேற்றினாற் செல்லும் வழி மற்றொன்று. 2015 செப்டெம்பரில் நியூயோர்க்கில் நடந்த ஜிவோன்ஷி ஆடையகத்தின் காட்சிக்கு, 800க்கு மேற்பட்ட இருக்கைகள் பொதுமக்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆயினும் பணமும் நற்பேறும் ஒருவரைப் பார்வையாளராக்குமேயன்றி அதற்கு மேல் கொண்டுசெல்லா.

அரங்கையே தமக்காக அமைத்துக்கொண்டவர்களின் வரலாறுதான் என் உள்ளத்தைக் கவர்கிறது. பெல்ஜியம் நாட்டு அன்ட்வேர்ப் நகரின் கலைக்கழகத்திற் பயின்ற அறுவர், 1986இல் தம் ஆடைகளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு இலண்டன் கண்காட்சிக்குப் போயினர். மேல்மாடியில், மணப்பெண் உடைகளுக்கு நடுவே அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஏறி வருவார் இல்லை. அவர்கள் துண்டுப் பிரசுரம் அச்சிட்டுக் கீழே இறங்கி வருவோர்க்கெல்லாம் கொடுத்தனர். வணிகர் மேலே வந்தனர். அவர்களின் பெயர்களை உச்சரிக்க இயலாத ஆங்கிலப் பத்திரிகைகள் 'அன்ட்வேர்ப் அறுவர்' என்று பெயரிட்டன, அப்பெயரே வரலாறாயிற்று.

அதே கலைக்கழகத்தில் பயின்ற மார்ட்டின் மார்ஜியேலா ஒருபடி மேலே சென்றார். 1989 ஒக்டோபரில் பாரிஸின் ஓர் ஏழைப் புறப்பகுதியில், பாழடைந்த விளையாட்டுத் திடலில் தம் காட்சியை நடத்தினார். அழைப்பிதழ்களை அப்பகுதிச் சிறுவர்களே கையால் வரைந்தனர். முன்னே வந்தவர் முன்னே அமர்ந்தனர். அயலிலுள்ள குழந்தைகள் ஆடையணிந்த பெண்களோடு ஓடித் திரிந்தனர். அன்று அங்கே இருந்தவர்களுள் தளபாட வடிவமைப்புப் பயின்ற ஓர் இளைஞர், தாமும் ஆடைக் கலைஞராவதென அக்காட்சியைக் கண்டே உறுதிபூண்டார். அவர் தாய் துப்புரவுத் தொழில் செய்தவர். ராஃப் சிமொன்ஸ் என்னும் அவ்விளைஞர் 2012இல் பாரிஸின் புகழ்பெற்ற டியோர் ஆடையகத்தின் தலைமைக் கலைஞரானார். வெளியாள் ஒருவர்க்குக் கிடைத்த ஓர் இடம் என்ன பயன் தரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஐரோப்பியருக்கே இது கைகூடும் என்று எண்ண வேண்டியதில்லை. இந்தியாவில் கான்பூருக்கு அண்மையிலுள்ள மல்ஹௌசி என்னும் சிற்றூரிற் பிறந்த ராகுல் மிஸ்ரா, 2006இல் மும்பையில் புதியோர்க்கென வகுக்கப்பட்ட அரங்கிலே கேரளக் கைத்தறித் துணியைக் கொண்டு நுழைந்தார். 2014இல் அனைத்துலக வூல்மார்க் பரிசைப் பெற்ற முதல் இந்தியரானார். 2020 ஜனவரியில் பாரிஸின் உயர்தர ஆடை வாரத்திற் காட்சி நடத்தினார். கைத்தறியே அவர் காட்டிய அழைப்பிதழ்.

நம் நாட்டிலும் 2003 முதல் கொழும்பு ஆடை வாரம் நடைபெற்று வருகிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்குப் பட்டப்படிப்பு உண்டு. என்னைக் கேட்ட மாணவிக்கு நான் சொல்லக்கூடிய வழி அதுவே: பார்வையாளர் வரிசையை நாடுவதினும் திரைக்குப் பின்னால் வேலை தேடுவது நன்று. ஊசி பிடிக்கத் தெரிந்த கைக்கு அங்கே எப்பொழுதும் தேவை உண்டு. திரைக்குப் பின் நிற்பவரே ஆடையின் உட்புறத்தையும் காண்கிறார்.

அரங்கை நடத்துவோர்க்கும் ஒரு சொல் உண்டு. 1978இல் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது தொடக்கம், இந்நாட்டுப் பெண்களின் கைகள் உலகத்தாரை உடுத்தி வருகின்றன. இன்று வடக்கே கிளிநொச்சியிலும் அக்கைகள் தைக்கின்றன. தாம் தைக்கும் உடையின் வடிவம் எங்கே பிறக்கிறது என்பதை அவர்களுள் எத்தனை பேர் நேரிற் கண்டிருப்பர்? ஒவ்வோர் அணிவகுப்பிலும் ஒரு வரிசையேனும் தைப்போர்க்கும் பயில்வோர்க்கும் ஒதுக்கப்படுமாயின், அது தருமம் ஆகாது, கடன் தீர்ப்பதாகும். அதுவரையில் நம் பாடசாலை மண்டபங்களையேனும் அரங்காக்குவோம். அங்கே முதல் வரிசையில் ஊர்த் தையற்காரிகள் அமரட்டும்.