திரை இருண்டால் பில் நிற்கும்!

மளிகைக் கடையானாலும் அரிசி மண்டியானாலும், தராசுக்கு அடுத்தபடி இன்று நமக்கு வேண்டியது பில் போடும் கணினி. கடைக் கணினிகள் பலவற்றில் உள்ள விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் செயலியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். ஆகவே பழைய கணினிக்காரர்கள் சிலர் இலவசமான லினக்ஸ் பக்கம் போகிறார்கள்.

எதற்கு மாறினாலும் முதல் தொல்லை திரையில்தான் வரக்கூடும். திரை இருண்டுபோகும், அல்லது எழுத்துகள் பெரிதாகி மங்கும். மானிட்டர் பழுது என்று உடனே புதிதாக வாங்கிவிடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டை இயக்குவது டிரைவர் என்னும் மென்பொருள். ஆபரேட்டிங் சிஸ்டம் மாறினால் அதற்குரிய டிரைவரும் வர வேண்டும்.

முதலில் கேபிளைப் பாருங்கள். தனிக் கார்டு உள்ள கணினியில் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டிலேயே செருகப்பட வேண்டும்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் உரிய டிரைவர் ஏறவில்லை என்று பொருள். கணினி அல்லது கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே அதை எடுங்கள். பிறகு 'ரெக்கமெண்டட்' எனக் காட்டும் அளவைத் திரைக்கு வையுங்கள்.

லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் திரை இருண்டால், தொடக்கப் பட்டியலில் ஆங்கில 'இ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' எனத் தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒரே சொல்லாகச் சிறிய எழுத்தில் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒருமுறைக்கு மட்டுமே. திரை வந்ததும் டிரைவர் மேனேஜரில் உரிய டிரைவரை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

நம் ஆரணியில் பட்டுச் சேலையை விரித்துப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. லினக்ஸையும் அப்படியே பார்க்கலாம். கணினியில் பதியாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, திரையும் பில் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று சோதித்துவிடுங்கள். உங்கள் பில்லிங் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்பதையும் விற்றவரிடம் கேளுங்கள். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை பல.

எல்லாவற்றுக்கும் முன்பாக, இருப்புக் கணக்கையும் பாக்கிக் கணக்கையும் தனி டிரைவில் நகலெடுத்து வையுங்கள். மானிட்டர் போனால் வேறு வாங்கலாம். பாக்கிக் கணக்கு போனால் யாரிடம் கேட்பது? முகூர்த்த நாளிலும் பண்டிகை வாரத்திலும் இவ்வேலையைத் தொடாமல், கடை விடுமுறை நாளில் செய்வதே நலம்.