நிறையும் குறையும்

தமிழில் 'நிறை' என்னும் சொல் எடையையும் குறிக்கும், நிறைவையும் குறிக்கும். அவ்விரு பொருளும் ஒன்றோடொன்று மாறுபடும் இடமும் உண்டென்பதை, கனடாவிலுள்ள மகளிடம் நான்கு மாதம் தங்கிவரப் பெட்டி கட்டியபோது அறிந்தேன்.

எமது விமானச்சீட்டின்படி ஆளொருவருக்கு இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றும் 23 கிலோவுக்கு மேற்படலாகாது. வெறும் பெட்டியே 4 கிலோ. கைப்பைக்கு 7 கிலோ. பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட எண்ணெய்ப் போத்தல் கைப்பையிற் செல்லாது. கைப்பேசிக்கு மின்னேற்றும் உதிரி மின்கலமோ கைப்பையிலன்றிப் பெட்டியிற் செல்லாது.

மனைவியார் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி என அடுக்கினார். யான் அகராதியும் இலக்கண உரைகளும் அடுக்கினேன். எனது பெட்டியைத் தூக்கிய தராசு 27 காட்டியது.

"அங்கை போய் அகராதியையே சமைக்கப் போறியள்?" என்றார் அவர்.

விடை கூற இயலவில்லை. நூல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். எடுக்குந்தோறும் ஒரு வினா எழுந்தது: இதனை அங்கே படிப்பவர் யார்? யான் கற்றவை என்னுடன் வரும். கற்றதற்குத் தராசில் நிறையில்லை. ஆறு வயதுப் பேரனோ தொலைபேசியில் 'அம்மப்பா' என்று அழைப்பான். அடுத்த சொல் ஆங்கிலம். அந்த ஒரு சொல்லையும் அவனுக்கு எழுதத் தெரியாது.

அகராதியை அலுமாரியில் மீள வைத்தேன். நாவலர் இயற்றிய பாலபாடத்தின் முதற் புத்தகத்தையும், கோடிட்ட வெற்றுக் கொப்பி ஒன்றையும் பெட்டியில் வைத்தேன். தராசு 23இல் நின்றது.

நிறை குறைந்துவிட்டது. குறை நிறையுமோ என்பது, அக்கொப்பியைத் திருப்பிக் கொணரும்போது கூறற்பாலது.