ஐஸை உடைக்க வந்த குட்டிக் கப்பல் ஆளையும் மீட்டது!

அமெரிக்காவில் கடுங்குளிர் வந்தால் ஹட்சன் ஆறே உறைந்து போகும். வீடுகளில் கணப்புக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் ஏற்றிய பார்ஜ் ஐஸில் மாட்டிக்கொண்டால் ஜனங்கள் நடுங்க வேண்டியதுதான்!

வழி திறக்க 1963-ல் வந்தது கடலோரக் காவல் படையின் இழுவைக் கப்பல் 'ஹாசர்'. கப்பலைக் கட்டிப்போடும் வடத்துக்குத்தான் அந்தப் பெயர். நீளம் 65 அடி. ஆட்கள் வெறும் 6 பேர். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? ஒன்றரை அடி கன ஐஸையும் பிளந்து தள்ளும்.

2001 செப்டம்பர் 11. நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் நொறுங்கின. ரயில் இல்லை, சுரங்கப்பாதை மூடல். மன்ஹாட்டன் கரையில் ஜனங்கள் தவித்தனர். ஐஸ் உடைக்கும் 'ஹாசர்' மீட்பு வேலையில் குதித்தது. அன்று படகு, கப்பல் எல்லாம் சேர்ந்து 9 மணி நேரத்தில் அக்கரை சேர்த்தது சுமார் 5 லட்சம் பேரை!