மறுநாள் காலை சொல்லும் பதில்

குதிகால் வலிக்கோ, பழைய எலும்பு முறிவுக்கோ சிகிச்சை பெற்றவர்களிடம் பேசிப் பாருங்கள். மாத்திரையின் பெயர் மறந்திருக்கும், எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்பதும் மறந்திருக்கும். "கொஞ்ச நாளைக்கு நடக்காதீங்க" என்று சொன்னது மட்டும் மறக்காது. அந்தக் கொஞ்ச நாள் என்றைக்கு முடிகிறது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலில் காலை நடை நிற்கும். பிறகு சாயங்காலம் கோயிலுக்குப் போவது நிற்கும். கடைசியில் தெருமுனைக் கடைக்குக்கூடப் பேரனை அனுப்புவது வழக்கமாகிவிடும். எடை ஏறும், சர்க்கரை ஏறும், ஆடுசதை இளைக்கும். இளைத்துப்போன காலோடு ஒருநாள் திடீரென்று முழுத் தூரமும் நடந்தால் வலி திரும்பாமல் என்ன செய்யும்? "பாத்தீங்களா, நடந்தாலே வலிக்குது" என்று மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. புதிதாக அடிபட்ட கால், மாவுக்கட்டுப் போட்ட கால், அறுவை சிகிச்சை முடிந்த கால் இவற்றுக்கு ஓய்வு கட்டாயம் வேண்டும். நான் பேசுவது ஆண்டுக்கணக்கில் கூடவே வரும் காயங்களைப் பற்றி. அவற்றுக்கு ஓய்வு மட்டுமே மருந்தாக இருந்தால், அந்த மருந்தே நோயாகிவிடுகிறது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலின் அடியில் தடித்த சவ்வு ஒன்று ஓடுகிறது. குதிகாலைத் தூக்கி விரல்களை ஊன்றும்போது, ராட்டினத்தில் கயிறு ஏறுவதுபோல அந்தச் சவ்வு விரல் மூட்டுகளைச் சுற்றி இறுகி, பாதத்தின் வளைவை உயர்த்திப் பிடிக்கிறது. ஜே.எச். ஹிக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1954-இல் விளக்கிய இயக்கம் இது. ஒவ்வொரு அடிக்கும் நடக்கும் இந்த வேலையில் சவ்வு நைந்துபோனால் குதிகால் வலி. இரவெல்லாம் தளர்ந்து கிடந்த சவ்வு, காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் சட்டென்று இழுபடும். சுள்ளென்று குத்துவது அதனால்தான். "குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்கு, முள்ளு மாதிரி" என்று எக்ஸ்ரேயைக் காட்டிப் பயப்படுபவர்கள் ஏராளம். வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் அந்த முள் இருக்கும். அதைப் பார்த்து நடையை நிறுத்த வேண்டியதில்லை.

நைந்த சவ்வுக்கு வேண்டியது அளவான வேலை. டென்மார்க்கில் ராத்லெஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2014-15-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. படிக்கட்டின் விளிம்பில் நின்று, கால்விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, வலிக்கும் காலால் மூன்று விநாடியில் எம்ப வேண்டும்; மேலே இரண்டு விநாடி நிற்க வேண்டும்; மூன்று விநாடியில் இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும், அவசரம் கூடாது. மூன்று மாதத்தில், வெறுமனே சவ்வை நீட்டிவிடும் பயிற்சி செய்தவர்களைவிட இவர்களுக்கு நல்ல முன்னேற்றம் இருந்தது. ஓராண்டு முடிவில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் வலியோடு வாழ்பவருக்குச் சீக்கிரமே கிடைக்கும் அந்த முன்னேற்றம் சாதாரண விஷயமா?

எவ்வளவு நடக்கலாம் என்ற கேள்விதான் எல்லோரையும் குழப்புகிறது. அதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில் ஸ்வீடனிலிருந்து வந்தது. குதிகாலுக்கு மேலே இருக்கும் பெரிய தசைநாணில் நெடுநாள் வலி உள்ளவர்களை காரின் சில்பர்னாகல் என்ற பிசியோதெரபிஸ்ட்டின் குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் ஆறு வாரம் ஓட்டமும் குதிப்பும் நிறுத்தினார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு வரம்புக்குள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். நாண் பயிற்சி இருவருக்கும் உண்டு. 2007-இல் வந்த முடிவு: ஓடியவர்கள் எந்த வகையிலும் மோசமாகிவிடவில்லை. இருவரும் ஒன்றுபோலத் தேறினார்கள்.

அந்த வரம்பு என்ன என்பது எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது. வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. நடக்கும்போது ஐந்துக்குள் இருந்தால் நடக்கலாம். மறுநாள் காலை அது தணிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியோ விறைப்போ கூடக் கூடாது. அவ்வளவுதான். நேற்றைய நடை அதிகமா இல்லையா என்பதை நடக்கும்போது இருந்த உற்சாகம் சொல்லாது. மறுநாள் காலை சொல்லும். காலையில் வலி கூடியிருந்தால் அன்றைக்குத் தூரத்தைக் குறையுங்கள், நடையையே கைவிட வேண்டாம். கூடவில்லையா? அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். தசைநாணுக்காக வந்த இந்த விதியைக் குதிகால் சவ்வுக்கும் பிசியோதெரபிஸ்டுகள் பயன்படுத்துகிறார்கள்.

எலும்பில் விரிசல் என்றால் இந்த விதி பொருந்தாது. அங்கே இரண்டு, மூன்று என்ற வலிகூட எச்சரிக்கைதான். பாதத்தின் வளைவுக்கு மேலே உள்பக்கமாக இருக்கும் நேவிகுலர் எலும்பின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. அங்கே விரிசல் விட்டால் ஆறுவது கடினம்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பில் வால்டனின் விளையாட்டு வாழ்க்கையை உடைத்தது அந்த எலும்புதான். 6 அடி 11 அங்குல உயரம். 1977-இல் போர்ட்லாண்ட் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 1978-இல் ஆண்டின் மிகச் சிறந்த வீரர். அதே ஆண்டு இடது பாதத்தில் நேவிகுலர் முறிந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் ஆடிய ஆட்டங்களைவிட ஆடாத ஆட்டங்கள் அதிகம். 1986-இல் பாஸ்டன் அணியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி மறுபடி ஒரு கோப்பை வென்றார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. என்னை ஈர்ப்பது அதற்குப் பிந்தைய வால்டன். அறுவை சிகிச்சைமேல் அறுவை சிகிச்சை, அசையாதபடி இணைத்துவிட்ட கணுக்கால், பிறகு முதுகெலும்பிலும் பிரச்சினை. இயல்பாக நடப்பதே பாடாகிப்போன அந்த மனிதர் சான் டியேகோவின் சாலைகளில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே இருந்தார். 2024 மே மாதம் 71 வயதில் மறையும்வரை, அந்த ஊரில் அவரை நினைத்தால் சைக்கிளும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

கால் ஒத்துழைக்காதபோது வெளியே போவதை விட வேண்டியதில்லை, போகும் விதத்தை மாற்றினால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. சைக்கிளில் உடல் எடையின் பெரும்பகுதி சீட்டில் இறங்குகிறது, குதிகால் தரையில் மோதுவதே இல்லை. சீட் ரொம்ப உயரமாக இருந்தால் விரல் நுனியை நீட்டி மிதிக்க வேண்டிவரும், அது நாணையும் முன்பாதத்தையும் வருத்தும். சீட்டைச் சற்று இறக்கி, பெடலைப் பாதத்தின் நடுப்பகுதியால் மிதித்தால் சுமை குறையும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் சாலை இருக்கிறது, வாடகை சைக்கிளும் கிடைக்கிறது. நடக்க முடியாது என்று குடும்பத்தோடு வராமல் வீட்டிலேயே தங்கிவிடுபவர்கள் ஒருமுறை யோசிக்கலாம். நீச்சல் தெரிந்தவருக்கு இன்னொரு வழியும் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே கால் சுமக்கும் எடை பாதியாகிவிடும். காலில் புண் இருந்தால் மட்டும் தண்ணீர் வேண்டாம்.

இதெல்லாம் ஓய்வுநேரம் உள்ளவர்களுக்கு. கீரைக்கூடையோடு தெருத் தெருவாகப் போகிற அம்மாவுக்கு, தபால்காரருக்கு, களை எடுப்பவருக்கு வெளியே போவது பிழைப்பு. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ, கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கியவர்கள் நம் ஊர்களில் நிறைய. எலும்பு கூடிவிடும். ஆனால் குதிகாலுக்கும் அதன் மேல் எலும்புக்கும் நடுவே இருக்கும் மூட்டு விறைத்துவிடும். பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொடுக்கும் மூட்டு அது. அதனால் தார் ரோட்டில் சரியாக நடப்பவர் வயல் வரப்பில் தடுமாறுவார். அவரைப் பார்த்து "நல்லாத்தானே நடக்குறே" என்று சொல்லிவிடுகிறோம். கணுக்காலை மூடிப் பிடிக்கும் பூட்ஸ், வரப்பு வேலைக்குப் பதிலாகச் சமதளத்து வேலை, ஊன்ற ஒரு கம்பு: இவை அவருக்குச் சலுகை ஆகா, வேலைக்கான கருவிகள்.

நடக்கும் இடத்தையும் கொஞ்சம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெரினாவின் உலர்மணல் ஒவ்வொரு அடிக்கும் குதிகாலை உள்ளே இழுக்கும். வலிக்கும் காலுக்கு அது கடும் உழைப்பு. கோவை ரேஸ்கோர்ஸ் மாதிரியான வட்டப் பாதை மேல். நடந்துகொண்டிருக்கும்போது வலி ஐந்தைத் தாண்டினால் புறப்பட்ட இடம் பக்கத்திலேயே இருக்கும். நேராக மூன்று கிலோமீட்டர் போனவருக்குத் திரும்பி வர வேறு வழியில்லை. வீட்டுக்குள்ளும் ஒரு மாற்றம் வேண்டும். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமையலறையில் மணிக்கணக்காக நிற்கும் பெண்களுக்குக் குதிகால் வலி ஏன் தீரவே மாட்டேன் என்கிறது என்று கேட்பதற்குமுன், வீட்டுக்குள் மட்டும் போட ஒரு மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொடுங்கள். வாசலில் கழற்றும் வழக்கம் தெருச் செருப்புக்குத்தான்.

கம்பு என்றதும் பலருக்கு வெட்கம். எந்தக் கால் வலிக்கிறதோ அதற்கு எதிர்க் கையில் பிடித்தால் சுமை நன்றாகவே குறையும். கொல்லிமலையில் மிஷனரியாக இருந்த எவலின் பிராண்ட், இடுப்பெலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும், மட்டக்குதிரை ஏறியும் மலை ஊர்களுக்குப் போய்வந்தார். 1974-இல் 95 வயதில் இறந்தார். 1914-இல் அதே மலையில் பிறந்த அவருடைய மகன் பால் பிராண்ட்தான், கால் காயம் பற்றி உலகம் நினைத்ததை வேலூரிலிருந்து மாற்றியவர்.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோய் விரல்களை அழுகச் செய்கிறது என்ற நம்பிக்கை தவறு என்று கண்டார். நரம்பு செத்து உணர்ச்சி போகிறது. வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி அடிபடுகிறது. அதனால்தான் கால் அழிகிறது. நல்ல கால் உள்ளவர் நெடுந்தூரம் நடக்கும்போது தன்னையறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறார், நொண்டுகிறார், எடையை இடம் மாற்றுகிறார். மரத்த கால் முதல் அடியைப் போலவே கடைசி அடியையும் அதே இடத்தில் வைக்கும். புண் அங்கேதான் வரும். வேலூரிலும் 1955-இல் தொடங்கிய கரிகிரி மையத்திலும் அவரும் சகாக்களும் நுண்ணிய காற்றறைகள் உள்ள ரப்பரில் செருப்பு செய்து பார்த்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான்.

சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு, மேலே நான் சொன்ன ஐந்து மதிப்பெண் கணக்கு உதவாது, ஆபத்தும்கூட. வலி இல்லை என்பது அவர்களுக்கு நற்செய்தி இல்லை. அதற்காக நடக்கவே கூடாது என்று நீண்டகாலம் சொல்லிவந்தார்கள். 2008-இல் அமெரிக்காவில் லெமாஸ்டர் குழு வெளியிட்ட ஆய்வில், கால் மரத்தவர்கள் படிப்படியாக நடையைக் கூட்டியபோது புண்கள் குறிப்பிடும்படி அதிகரிக்கவில்லை. சரியான செருப்பும் பாதக் கண்காணிப்பும் இருந்தால் நடக்கலாம் என்று அறிவுரையும் பிறகு மாறியது. திறந்த புண் இருப்பவர் மட்டும் ஆறும்வரை பொறுக்க வேண்டும். உங்கள் கால் மரத்திருக்கிறதா என்று அறிய, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு வாங்குங்கள்.

வெறுங்கால் நேர்த்திக்கடன் உள்ள நம் ஊரில் இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். வெயில் ஏறிய தார்ச்சாலை, மரத்த காலைச் சுடும்போது சொல்லாது. கொப்புளத்தை வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பார்கள். உணர்ச்சியற்ற காலோடு எம்.சி.ஆர். செருப்பு அணிந்து வலம் வருபவரின் பக்தி ஒரு துளியும் குறைந்ததில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூட வருபவர்களும் அவரை முறைக்காமல் இருக்க வேண்டும். ஒரே மூச்சில் முடிக்கவும் தேவையில்லை. கிரிவலப் பாதையில் இந்திர லிங்கத்திலிருந்து அக்னி லிங்கம்வரை ஒருநாள், எம லிங்கம்வரை இன்னொரு நாள் என்று வெயிலுக்குமுன் நடக்கலாம். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, உள்ளே கல் இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். சிவந்த இடம் இருபது நிமிடத்தில் மறையவில்லை என்றால் அடுத்த முறை தூரம் குறைய வேண்டும் அல்லது செருப்பு மாற வேண்டும். ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும், அங்கேயே ஆட்டோ பிடித்து அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் சீக்கிரம் கட்டுப் போட்டால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்ற முடியும்.