நடுத் தெருவில் ஒரு நியாயஸ்தலம்

சனிக்கிழமை மாலைத் திருப்பூரைக் காணாதவர்கள், திருப்பூரைக் கண்டதாகச் சொல்லிக் கொள்வதில் அர்த்தமில்லை. அன்றுதான் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளப் பட்டுவாடா. அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் ஜனங்கள் வெள்ளமாகப் பெருகுவார்கள். துணி ரோல்களைச் சுமந்துகொண்டு சாயப்பட்டறைக்கு விரையும் டெம்போக்கள் அந்த வெள்ளத்தைப் பிளந்துகொண்டு போகும்.

சமீபத்தில் அப்படிப்பட்ட ஒரு மாலைப் பொழுதில், ஒரு காரும் ஒரு மோட்டார் சைக்கிளும் உரசிக் கொண்டதை நாம் பார்க்க நேர்ந்தது. காரின் முன்புறக் கதவு நசுங்கியது. சைக்கிளில் வந்த தையல் தொழிலாளி கீழே விழுந்து எழுந்தார்.

"ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?"

"நீங்கதானுங்க குறுக்கே வந்தீங்க!"

அரை நிமிஷத்தில் நியாயஸ்தலம் கூடிவிட்டது. நீதிபதிகள் முப்பது பேருக்குக் குறையாது. பெரிய வண்டிக்காரர்தான் குற்றவாளி என்பது அந்தக் கோர்ட்டின் நெடுநாளையச் சட்டம். "என்னமோ பாத்துக் குடுத்துட்டுப் போங்க" என்று தீர்ப்பாயிற்று. கார்க்காரர் 2,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். தொழிலாளி வலக்கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தபடியே அதை வாங்கிக் கொண்டார். கூட்டம் கலைந்தது.

நேயர்களே, இந்தத் தீர்ப்பில் நஷ்டப்பட்டவர்கள் இருவருமே என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் கார்க்காரர் சங்கதியைப் பார்ப்போம். யார் மீது தப்பு என்று அவர் தொண்டை வறளக் கத்தினாரே, அவருடைய முழு இன்ஷ்யூரன்ஸ் பாலிஸியில் சொந்த வண்டியின் சேதத்துக்கு அந்தக் கேள்வியே கிடையாது. தப்பு எவருடையதானாலும் கம்பெனி பழுதுச் செலவைக் கொடுக்கும். 1,500 ஸி.ஸி. வரையிலுள்ள கார்களுக்கு முதல் 1,000 ரூபாய் சொந்தக்காரர் தலையில் விழும். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதிதான் கிடைக்கும். அப்படிப் பணம் பெற்றால், விபத்தில்லாத வருஷங்களுக்காகச் சேர்ந்து வந்த, 50 சதவிகிதம் வரை போகக்கூடிய கட்டணச் சலுகை பறிபோகும். ஆகவே சிறு கீறலுக்குக் கம்பெனியை நாடுவதா, கைப்பணத்தில் சரிசெய்வதா என்பது வீட்டில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு. நடுத் தெருவில் முடிவு செய்கிற காரியமல்ல.

இன்னொன்றும் உண்டு. கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் குற்றத்தை ஒப்புக் கொள்ளவோ, எதிராளிக்குப் பணம் கொடுக்கவோ கூடாது என்று பாலிஸியிலேயே நிபந்தனை இருக்கிறது. பாலிஸியை யார் படிக்கிறார்கள்! அவர் செய்திருக்க வேண்டியவை சொற்பம்: இரண்டு வண்டிகளையும் நின்ற நிலையில் படம் பிடித்து, வண்டி எண்ணையும் இன்ஷ்யூரன்ஸ் விவரத்தையும் மாற்றிக் கொண்டு, காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, போலீஸுக்கும் கம்பெனிக்கும் தகவல் கொடுப்பது. காயம் ஏற்பட்டுவிட்டால் சிகிச்சைக்கு அனுப்புவதும் தகவல் கொடுப்பதும் வெறும் யோசனைகளல்ல. சட்டம் விதிக்கும் கடமைகள்.

தொழிலாளியின் நஷ்டமோ இதனினும் பெரிது.

மூன்றாம் மனிதருக்கு நேரும் தீங்குக்காக ஒவ்வொரு மோட்டார் வண்டியும் இன்ஷ்யூர் செய்யப்பட வேண்டும் என்ற விதியை இங்கிலாந்து 1930-ல் சட்டமாக்கியது. நம் நாட்டில் 1939-ஆம் வருஷச் சட்டத்தில் எழுதப்பட்ட அவ்விதி, 1946 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. இப்போதுள்ளது 1988-ஆம் வருஷச் சட்டம். 2019-ல் செய்த திருத்தத்தின்படி, தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2½ லட்சமும் நஷ்டஈடு கோரலாம். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயமே. அந்த மணிக்கட்டு முறிந்திருந்தால், 2,000 எங்கே, 2½ லட்சம் எங்கே!

அதிகம் வேண்டுமென்றால் எதிராளியின் தப்பை நிரூபித்து மோட்டார் விபத்து டிரிபியூனலில் வழக்காடலாம். அங்கே தம்முடைய தப்பின் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும். மனுவுக்கு 6 மாதம் என்று அதே திருத்தம் கெடு வைத்திருக்கிறது. அவசரச் சிகிச்சைக்கோ பணம் தேட வேண்டியதில்லை. முதல் 48 மணி நேரத்துக்கு உதவும் தமிழ்நாடு சர்க்காரின் திட்டம் 2021-லிருந்து இருக்கிறது. 2025-ல் மத்திய சர்க்காரும் 7 நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை இலவசச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது.

டிரிபியூனலில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி, "உமக்கு மாத வருமானம் என்ன?" என்பது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரிடம் சம்பளச் சீட்டு ஏது? அத்தாட்சி இல்லாவிட்டால் டிரிபியூனல் தானாக ஒரு தொகையை உத்தேசித்துக் கொள்ளும். தைத்த உருப்படிகளை வாரந்தோறும் குறித்து வைக்கும் சிறு நோட்டும், பாங்கியில் பணம் கட்டிய கணக்கும் அப்போது கைகொடுக்கும்.

நாம் பார்த்த மனிதரிடம் அப்படியொரு நோட்டு இருந்ததோ என்னவோ. கேட்பதற்குள் அவர் ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்டத்தில் மறைந்துவிட்டார்.